பாட்டுப் பட்டியலை வாசிக்கிறவர்களிடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், திருவிழாப் பவனிகளில் பேண்டு வாத்தியத்தையே நிறுத்திவிடலாம் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். காதைக் கிழிக்கிறது, எந்தப் பாட்டு என்றே புரியவில்லை, காலும் தாளமும் ஒட்டவில்லை என்று மூன்று குறை சொல்லியிருந்தார். மூன்றும் உண்மைதான். ஆனால் அதற்கு அவர் கேட்கும் தீர்வைப் படித்தபோது மனம் பொறுக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளின் வாசிப்பு கெட்டுப்போவதற்கு முதல் காரணம், அவர்கள் கையில் திணிக்கப்படும் பாட்டுப் பட்டியல். அதைப் பற்றி யாரும் பேசாததால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ராணுவ பேண்டில் டிரம்பெட் வாசித்து ஓய்வு பெற்றவன். பச்மரியில் உள்ள ராணுவ இசைப் பிரிவில் படித்தேன். இப்போது தக்கலையில் இருந்துகொண்டு சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் ஒரு பேண்டு செட் என்றால் பெரும்பாலும் எட்டுப் பேர். மூன்று டிரம்பெட், ஒரு டெனர் ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு யூஃபோனியம், சைடு டிரம், பெரிய டிரம். சில செட்டில் டெனர் ஹார்னுக்குப் பதிலாக ஒரு சாக்ஸபோன் இருக்கும். சூசபோன் என்ற, தோளில் மாட்டிக்கொள்ளும் பெரிய பேஸ் வாத்தியம் வாங்க வசதி இருக்கிற செட்டை விரல் விட்டு எண்ணலாம். இந்த எட்டுப் பேர் இருட்டில், மேடு பள்ளத்தில், கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டே மூன்று மணி நேரம் வாசிக்க வேண்டும். இதற்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்பது ஒரு தனிக் கலை. விழாக் குழு அதைக் கைப்பேசியில் ஒரு பட்டியலாக அனுப்பி முடித்துவிடுகிறது.

கடந்த திருவிழாக் காலத்தில் ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பவனிக்கு முந்தின இரவு பட்டியல் வந்தது. எல்லாம் சினிமாப் பாட்டு, எல்லாம் வேகமான பாட்டு. மறுநாள் சப்பரம் மூன்றாம் தெருவுக்குத் திரும்பும்போது, முதல் டிரம்பெட் வாசித்த பையன் வாத்தியத்தை இறக்கினான். மௌத்பீஸ் பதிந்த வட்டம் மேலுதட்டில் வெள்ளையாகத் திரண்டு நின்றது. அதன் ஓரம் கன்றிப்போயிருந்தது. மறுபடி வைத்து ஊதினான். காற்று வந்தது, ஸ்வரம் வரவில்லை. குழுவில் இருந்து ஒருவர் ஓடி வந்து, காசு வாங்கிக்கொண்டு ஊதாமல் இருந்தால் எப்படி என்று கேட்டார். பதினோராம் வகுப்பு படிக்கிற பிள்ளை அவன். கண்ணில் நீர் முட்ட மறுபடியும் உதட்டில் வைத்தான். அந்த இரவு முழுவதும் அவர்கள் வாசித்தது இரைச்சல்தான், மறுக்கவில்லை. அந்தப் பட்டியலைக் கொடுத்தால் பெரிய ராணுவ பேண்டில் எட்டுப் பேரைத் தனியாகப் பிரித்து நிறுத்தினாலும் இரைச்சல்தான் வரும்.

முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன். நடப்பவனுக்கு இரண்டே கால். பாட்டின் கனத்த தட்டு இடது காலில் விழ வேண்டும், அடுத்த முறையும் இடது காலிலேயே விழ வேண்டும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. இடது காலில் எடுத்தால் ஒவ்வொரு ஆவர்த்தனமும், அதாவது தாளச் சுற்றும், தானாக இடது காலுக்கே வந்து சேரும். மூன்று எண்ணிக்கைப் பாட்டை எடுங்கள். முதல் சுற்று இடது காலில் தொடங்கும், அடுத்தது வலது காலில் தொடங்கும். மிச்ர சாபு தாளத்தின் ஏழு எண்ணிக்கையிலும் அதே கதைதான். வாசிப்பவன் தன்னை அறியாமல் காலைப் பாட்டின் பக்கம் இழுப்பான், அல்லது பாட்டைக் காலின் பக்கம் இழுப்பான். நான்கு பேர் ஒரு விதமாகவும் நான்கு பேர் இன்னொரு விதமாகவும் இழுக்கும்போது வரிசை கலைகிறது. காலும் தாளமும் ஒட்டவில்லை என்று அந்த அன்பர் கண்டது இதைத்தான். திஸ்ர நடையில் உள்ள பாட்டு வேறு: ஒரு காலடிக்குள்ளேயே மூன்று பிரிவு அடங்கிவிடும், கால் தடுமாறாது. ராணுவத்தில் சிக்ஸ்-எய்ட் என்று சொல்லும் மார்ச்சுகள் இந்தக் கணக்கில் அமைந்தவை. நடக்கிறவர்களுக்கு அதைவிட உற்சாகமான கணக்கு இல்லை.

அதற்காக மூன்று எண்ணிக்கைப் பாட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. அதற்கு இடம் குருசடி, அதாவது தெருவோரச் சிலுவைக் கோயில். சப்பரம் குருசடி முன்னால் நிற்கும், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், சாமியார் ஜெபம் சொல்வார். அங்கே பேண்டும் நின்று வாசிக்கிறது. 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் முதன்முதலாகப் பாடப்பட்ட அமைதி இரவுப் பாட்டை (சைலண்ட் நைட்) இந்தப் பிள்ளைகள் நின்று வாசித்துக் கேளுங்கள், கூட்டம் அப்படியே நிற்கும். நடந்துகொண்டே வாசிக்கச் சொன்னால் அதே பாட்டு நொண்டும். நடக்கும்போது என்ன, நிற்கும்போது என்ன என்று பட்டியலை இரண்டாகப் பிரித்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

அடுத்தது வேகம். ராணுவத்தில் குவிக் மார்ச் நிமிடத்துக்கு 120 அடிவைப்பு, ஓர் அடிவைப்பு 30 அங்குலம். கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்குப் பதினோரு நிமிடம். சப்பரம் அப்படிப் போகாது. தோளில் சுமப்பவர்களின் காலை எண்ணிப் பாருங்கள், ராணுவத்தின் ஸ்லோ மார்ச்சைப்போல் 70-ஐ ஒட்டித்தான் இருக்கும். 70 வேகத்தில் உள்ள பாட்டு அப்படியே பொருந்தும். 140 வேகத்தில் துள்ளும் பாட்டும் பொருந்தும், இரண்டு தட்டுக்கு ஒரு காலடி வைத்துக்கொள்ளலாம். இடையில் 100, 105 வேகத்தில் உள்ள பாட்டுகள்தான் பிள்ளைகளைச் சித்திரவதை செய்கின்றன. அவை எதிலும் அடங்காது. விழாக் குழு விரும்பி அனுப்பும் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த வேகத்தில் இருக்கின்றன.

ஸ்கேல், அதாவது பாட்டின் சுருதி பற்றியும் யாரும் யோசிப்பதில்லை. ஒலிப்பதிவில் இருப்பது போலவே வேண்டும் என்கிறார்கள். பி பிளாட் டிரம்பெட்டில் எழுதிய ஸ்வரம் ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். அதனால் பாட்டு ஈ மேஜரில் இருந்தால், அதை வாசிக்கும் பையன் எஃப் ஷார்ப் மேஜரில், ஆறு ஷார்ப்புகளோடு விரல் வைக்க வேண்டும். அதே பாட்டை அரை ஸ்வரம் மட்டும் இறக்கி ஈ பிளாட்டில் வைத்தால் அவனுக்கு அது எஃப் மேஜர். ஒரே ஒரு பிளாட். கேட்கிறவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. வாசிக்கிறவனுக்கு அது இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம். உச்ச ஸ்வரமும் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்து மேல் ஸ்தாயி எட்டுகிற பையன், கல்லில் கால் இடறும் இடத்தில் அதை எட்ட முடியாது. மௌத்பீஸ் பல்லில் இடிக்கும். நடந்து வாசிக்கும் பாட்டில் டிரம்பெட்டின் உச்சம் இசை எழுதும் ஐந்து கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜி-யோடு நின்றுவிட வேண்டும். நான் தேர்ந்தெடுக்கும் எந்தப் பாட்டிலும் அதைத் தாண்ட விடுவதில்லை.

நல்ல மார்ச் நோட்டுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே, அவற்றை வாசிக்கலாமே என்று படித்த பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நாற்பது, ஐம்பது பேர் கொண்ட பேண்டுக்கு எழுதப்பட்டவை. அமெரிக்காவின் ஜான் பிலிப் சூசா எழுதிய மார்ச்சுகளில் கிளாரினெட்டுகளும் பிக்கலோவும் மேலே ஓடிக்கொண்டிருக்கும், பித்தளை வாத்தியங்கள் அடியில் தாங்கும். நம்மிடம் மேலே ஓட ஆள் இல்லை. அதைவிட முக்கியமானது, மார்ச்சின் உயிர் உம்-பா என்று வருகிற அந்த எதிர்த்தட்டு. பேஸ் வாத்தியம் உம் என்று காலில் விழும், ஹார்ன்கள் மூன்று பேர் சேர்ந்து மூன்று ஸ்வரமாகப் பா என்று இடையில் விழுவார்கள். எட்டுப் பேர் செட்டில் ஹார்ன் ஒருவன்தான். அவன் தனியாகப் பா, பா என்று ஒற்றை ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே போனால் அதில் ஒரு கார்டும், அதாவது பல ஸ்வரம் சேர்ந்த ஒலியும், உருவாகாது. பொத்தல் மட்டும் கேட்கும். பெரிய மார்ச்சைச் சின்ன செட் வாசிக்கும்போது வெறுமையாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். பிள்ளைகள் அந்த வெறுமையைச் சத்தத்தால் நிரப்பப் பார்க்கிறார்கள். காது கிழிவதும் அப்போதுதான்.

சின்ன செட்டுக்கு எது நிறைவாக ஒலிக்கும்? நான்கு குரலுக்கு எழுதப்பட்ட பாட்டு. நம் கோயில்களில் பாடும் பாமாலைப் பாடல்கள் பலவும் அப்படி எழுதப்பட்டவை. முதல் குரல் டிரம்பெட்டுக்கு, இரண்டாம் குரல் இன்னொரு டிரம்பெட்டுக்கோ ஹார்னுக்கோ, மூன்றாவது டிராம்போனுக்கு, அடிக்குரல் யூஃபோனியத்துக்கு. யாருக்கும் சும்மா தட்டுகிற வேலை இல்லை, ஒவ்வொருவனுக்கும் ஒரு மெட்டு இருக்கிறது. இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பின் முதல் பேண்டு 1878-இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உருவானது. சார்லஸ் ஃப்ரை என்ற கட்டடத் தொழிலாளரும் அவருடைய மூன்று மகன்களும். நான்கே பித்தளை வாத்தியங்கள். தெருவில் பிரசங்கம் செய்தவர்களைக் கலகக்காரர்களிடமிருந்து காப்பதற்காகக் கூடச் சென்றவர்கள், வாத்தியத்தையும் எடுத்துச் சென்றார்கள். நான்கு பேர் நான்கு குரல் வாசித்துத் தெருவை நிறைத்தார்கள். அந்தச் சேனை நம் நாகர்கோவிலுக்கு வந்து மருத்துவமனை நடத்தி வருவதை எல்லோரும் அறிவோம். இப்படிப்பட்ட வழி இருக்க, எட்டுப் பேரை வைத்துக்கொண்டு நாற்பது பேரின் ஓசைக்கு ஏங்குவது எதற்கு?

நம்முடைய கீர்த்தனைகளையும் சேர்க்க வேண்டும், சேர்த்தே ஆக வேண்டும். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து நமக்கு ராகமும் தாளமும் கொண்ட ஒரு பெரும் செல்வம் இருக்கிறது. சாஸ்திரியாரும் தஞ்சை சரபோஜி மன்னரும் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தச் சரபோஜியின் அரண்மனையில் மேற்கத்திய பேண்டும் இருந்தது. ஆக, கீர்த்தனையும் பித்தளை வாத்தியமும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் ஒலித்தவை. ஆனால் ராகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். டிரம்பெட்டில் மூன்றே வால்வு. ஸ்வரத்துக்கு ஸ்வரம் படியாக நிற்கும் வாத்தியம் அது, நாதஸ்வரத்தைப்போல் வழுக்காது. சங்கராபரணம், மோகனம், பிலகரி இவற்றில் அமைந்த மெட்டுகள் கம்பீரமாக நிற்கும். மோகனத்தில் ஐந்தே ஸ்வரம், தெருவில் யார் கேட்டாலும் பிடித்துக்கொள்வார்கள். தோடி, சகானா, ஆனந்தபைரவி வேண்டாம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துக் குழைப்பது, இல்லாத தோடி தோடியே இல்லை. அந்தக் கீர்த்தனை வேண்டுமென்றால் நாதஸ்வரக்காரரை அழையுங்கள், அல்லது பாடகர் குழு பாடட்டும். அதைப் பித்தளையில் வாசிக்கச் சொல்வது கீர்த்தனைக்கும் அவமரியாதை, பிள்ளைகளுக்கும் அவமரியாதை.

சினிமாப் பாட்டு கூடாது என்று நான் சொல்லவில்லை. பக்தி கெடும் என்ற வாதத்தைப் பங்குப் பேரவைகள் பேசிக்கொள்ளட்டும். என் கேள்வி வேறு. அந்தப் பாட்டிலிருந்து பாடகரின் குரலையும் வயலின் கூட்டத்தையும் இடையிசையையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? மெட்டு தன் சொந்தக் காலில் நிற்குமா? பல பழைய பாட்டுகள் நிற்கும். இன்றைய பாட்டுகளில் பலவற்றில் இரண்டு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, மீதி அழகையெல்லாம் ஒலிக்கருவியிடம் விட்டிருக்கிறார்கள். அதை டிரம்பெட்டில் வாசித்தால் எந்தப் பாட்டு என்றே புரியாதுதான். ஒரு சின்ன சோதனை சொல்கிறேன்: வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு வாசல் வரை நடந்து பாருங்கள். அடையாளம் தெரிந்தால் பேண்டுக்கு ஆகும். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாதது. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. பவனியின் தலைப்பில் பேண்டு நடக்கிறது, வால் 170 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றால், டிரம் தட்டு அங்கே போய்ச் சேர அரை நொடி ஆகும். 120 வேகத்தில் ஓர் அடிவைப்புக்கு அதே அரை நொடிதான். முன்னால் இருப்பவர் இடது காலை வைக்கும்போது பின்னால் இருப்பவர் முந்தின தட்டைக் கேட்டு வலது காலை வைப்பார். பள்ளிப் பிள்ளைகளின் நீண்ட அணிவகுப்பில் பின்வரிசை எப்போதும் கால் மாறி நடப்பதற்கு இதுவே காரணம். ஆசிரியர்கள் பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். பேண்டை நடுவில் நடக்க விடுங்கள். நீண்ட பவனி என்றால் மெதுவான பாட்டை எடுங்கள், அங்கே அரை நொடி அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

ஜெனரேட்டர் வண்டியின் டியூப் லைட் பேண்டுக்கு எட்டாது என்பதால் எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். பதினாறு அல்லது முப்பத்திரண்டு பாரில் (தாளக் கட்டத்தில்) முடிந்து திரும்ப எடுக்கக்கூடிய பாட்டு நல்லது. சப்பரம் திடீரென்று நின்றால் பெரிய டிரம்காரர் இரட்டைத் தட்டு கொடுப்பார், அந்தச் சுற்று முடியும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து நிறுத்துவார்கள். நீண்ட முன்னிசை, மூன்று சரணம், நடுவில் ஸ்கேல் மாற்றம் எல்லாம் உள்ள பாட்டை அப்படி வெட்ட முடியாது. (டிராம்போன்காரனை முதல் வரிசையில் விடுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நிறுத்தினால் அவன் குழாய் முன்னவன் முதுகில் இடிக்கும், பிறகு அவன் பயந்து பயந்து வாசிப்பான்.)

எல்லாவற்றுக்கும் மேலாக உதடு. உதடும் சதைதான். பெரிய பேண்டில் ஒருவன் ஓய்வெடுத்தால் இன்னொருவன் தாங்குவான். மூன்று டிரம்பெட் உள்ள செட்டில் மூவரும் எல்லாப் பாட்டிலும் எல்லா வரியும் ஊதினால் ஒரு மணி நேரத்தில் மூவரும் தீர்ந்துவிடுவார்கள். பல்லவியை இருவர், சரணத்தை ஒருவரும் யூஃபோனியமும் என்று முன்கூட்டியே பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு பாட்டுக்கு ஒரு முறை டிரம் மட்டும் வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் குழுவினர் யாரும் ஓடி வந்து ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கக் கூடாது. நல்ல சைடு டிரம்காரன் தனியாக வாசித்துக்கொண்டு வரும் ஒரு தெரு, பவனியிலேயே அழகான பகுதியாக இருக்கும்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் என்ன வாசிப்பது என்று கேட்டு இசை ஆசிரியர்கள் என்னிடம் வருகிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுங்கள் என்று சொல்வேன். புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசிக்கக் கேட்ட மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருத வரிகள் அமைத்தார். எல்லாம் சங்கராபரணம், கமகம் கிடையாது, சின்னச் சின்ன அளவு. பேண்டில் பிறந்த மெட்டுகள் ஆகையால் பேண்டுக்குத் திரும்பும்போது ஒரு சிரமமும் இல்லை. அங்கும் எண்ணிக்கையைப் பாருங்கள்: 'ச்யாமளே மீனாக்ஷி' நான்கு எண்ணிக்கை, காலோடு ஒட்டும்; 'ட்விங்கிள் ட்விங்கிள்' நட்சத்திரப் பாட்டின் மெட்டு என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரச கீதத்தின் மெட்டு, மூன்று எண்ணிக்கை. கொடிக்கம்பத்தின் கீழே நின்று வாசிக்க மட்டும்.

விழாக் குழுக்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பேண்டு பேசி முன்பணம் கொடுக்கும் அன்றே பவனிப் பாதையைச் சொல்லுங்கள்: எத்தனை தெரு, எத்தனை குருசடி, எங்கே ஏற்றம், எங்கே நிற்கும். உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய பாட்டு இரண்டோ மூன்றோ இருந்தால் அதையும் அன்றே சொல்லுங்கள். மீதியை பேண்டு மாஸ்டரும் பிள்ளைகளும் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு மாதம் முன்னதாகத் தெரிந்தால் ஸ்கேல் மாற்றி எழுதலாம், பிரித்துக் கொடுக்கலாம், மைதானத்தில் நடந்து பழகலாம். முந்தின இரவு வரும் பட்டியலை வைத்து எந்த மாஸ்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும். அதைத் தொடர்ந்து மாவட்டம் முழுவதும் கிறிஸ்துமஸ் பவனிகள். அதற்கு முன் எந்த ஊர் விழாக் குழு அழைத்தாலும் நான் வந்து பாதையை அவர்களோடு நடந்து பார்த்து, அந்த ஊர் செட்டில் இருக்கும் வாத்தியங்களுக்கு ஏற்பப் பாட்டு தேர்ந்து, நோட்டும் எழுதிக் கொடுக்கிறேன். அதற்குக் காசு வேண்டாம். பேண்டை நிறுத்தச் சொன்ன அன்பரையும் அழைக்கிறேன்; தக்கலையில் ஞாயிறு மாலைகளில் பயிற்சி நடக்கிறது, வந்து கேட்கட்டும். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் தங்கள் அலுவலகத்தில் உள்ளன, கேட்பவர்களுக்குத் தரலாம். குழுக்கள் பேண்டுக்கு முன்பணம் கொடுக்கத் தொடங்கும் முன்பே இக்கடிதத்தை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ராணுவ பேண்டு கலைஞர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்